எத்தனை பேருக்கு இலை போடுறது?

போன செவ்வாக்கிழமை ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு வருஷா வருஷம் ஃபேன் கூட்டம் நடத்தற எங்க கமிட்டியோட வாட்ஸப் குரூப்ல நண்பர் ஒருத்தரோட மெசேஜ். "மக்களே, அடுத்த வருஷம் 2000 பேர். ஒயிட்ஃபீல்டு பக்கம் பெரிய ஹால். ஸ்பான்சர்கிட்ட பேசிட்டேன், ஆல்மோஸ்ட் ஓகே." கீழ வரிசையா தீ எமோஜி. நான் பொருளாளர்ங்கிறதால எனக்கு மட்டும் தீ வயித்துல. அன்னிக்கு அந்த குரூப்ல டைப் பண்றதும் அழிக்கிறதுமா ஒரு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன், அப்படி அழிச்சதெல்லாம்தான் இது.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூர்ல இருக்கற நம்ம தமிழ் ஆளுங்க, பழைய காமிக்ஸ் சேக்கறவன், ஜப்பான் கார்ட்டூன் அனிமே பாக்கறவன், சயின்ஸ் ஃபிக்ஷன் நாவல் எழுதப் போறேன்னு அஞ்சு வருஷமா சொல்லிட்டு திரியறவன், எல்லாரும் சேந்து வருஷத்துக்கு ஒரு தடவ கூடுவோம். பேர் சொல்லல, சொன்னா யாரைப் பத்தி எழுதறேன்னு கண்டுபிடிச்சிடுவீங்க. அல்சூர்ல ஒரு ஃப்ரெண்டு வீட்டு மொட்டை மாடில 40 பேர், வாடகை ஜமக்காளம், அவங்க அம்மா கிளறின லெமன் சாதம், அதுதான் ஆரம்பம். அப்புறம் மர்ஃபி டவுன்ல ஒரு குட்டி ஹால். இந்த வருஷம் கே.ஆர்.புரம் தாண்டி ஒரு கல்யாண மண்டபம்.

கல்யாண மண்டபம் ஏன்னா அது ஆஷாட மாசம். நம்ம ஊர் ஆடி மாதிரி கன்னடக்காரங்க ஆஷாடத்துல கல்யாணம் வைக்க மாட்டாங்க, மண்டபமெல்லாம் காத்தாடும், மத்த மாசத்துல நம்மள ஏறெடுத்துப் பாக்காத மேனேஜர் அப்பதான் காபி வாங்கிக் குடுத்து பேசுவார். நாங்க ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்னு இழுத்தோம், அவர் முக்கால் வாடகைக்கு வந்தார். போர்டுல கொட்டை எழுத்துல 'சீட்டிங் 1000'னு போட்டிருந்தது. நாங்க 600 பேருக்குதான் ரெஜிஸ்ட்ரேஷன் போட்டோம், 400 இடம் சும்மா கெடக்கும், ராஜா மாதிரி நடக்கலாம்னு நெனச்சோம்.

இங்கதான் முதல் பாடம், அதுவும் சமையல் மாஸ்டர் சொல்லித்தான் புரிஞ்சது. அவரு தர்மபுரிக்காரர், நாப்பது வருஷமா பெங்களூர்ல பந்தி போடறவர். "தம்பி, கல்யாணத்துக்கு ஆயிரம் பேருன்னா ஆயிரம் பேரும் ஒரே நேரத்துல மண்டபத்துல இருக்க மாட்டான். வருவான், அட்சதை போடுவான், சாப்பிடுவான், மொய் எழுதிட்டு வண்டியெடுத்துருவான், ஆளுக்கு ஒரு மணி நேரம். உங்க ஆளுங்க காலைல ஒம்போது மணிக்கு வந்தவன் ராத்திரி ஏழு மணி ஆகியும் நகரமாட்டேங்கறானே?" அதேதான். கல்யாணத்துல ஆயிரம்ங்கறது ஒரு நாள் முழுக்க வந்து போற கணக்கு, ஃபேன் கூட்டத்துல 600ன்னா 600 உடம்பும் பத்து மணி நேரம் உள்ளயே இருக்கும். எல்லாரும் ரெண்டு தடவையாவது பாத்ரூம் போவான், எல்லாரும் ஒரே அரை மணி நேரத்துல சாப்பாட்டுக்கு எந்திரிப்பான், ஏன்னா ப்ரோக்ராம்ல லஞ்ச் பிரேக்னு நாமதான் போட்டிருக்கோம்.

சரி 600 வந்துச்சான்னா, இல்ல. 740. எப்படின்னா, ஒருத்தன் பொண்டாட்டிய கூட்டிட்டு வந்தான், ஒருத்தன் ரூம்மேட் மூணு பேர கூட்டிட்டு வந்தான், மீதி ஸ்பாட் ரெஜிஸ்ட்ரேஷன். ஸ்பாட்ட பத்தரைக்கு மூடணும்னு கமிட்டில பேசி வச்சிருந்தோம், மூட வேண்டிய ஆளு நான்தான், மூடல. ஐநூறு ரூபா நோட்டா நீட்டறப்போ பொருளாளர் கை தானா நீளுது, என்ன பண்றது.

மத்தியானம் பன்னெண்டரைக்கு நடந்தத சொல்லணும். மண்டபத்துக்கு வாசல் பெருசு, ஆனா ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவுல ஒரு வழிதான், ரெண்டு மீட்டர் அகலம் இருக்கும், ஒரு பதினஞ்சு மீட்டர் நீளம். அந்த வழியிலயே ஒரு பக்கம் 'மணமகள் அறை'ன்னு பித்தளை போர்டு, அதத்தான் காஸ்ப்ளே, அதாவது கதைல வர்ற ஆளுங்க மாதிரி வேஷம் போடறவங்க, டிரெஸ் மாத்தற ரூமா குடுத்திருந்தோம், உள்ள ஆறு பேர் க்ளூ கன்ன வச்சுக்கிட்டு கழண்ட தோள்பட்டைய ஒட்டிட்டு இருந்தாங்க. அந்த நேரம் பாத்து ஓசூர்லேருந்து வந்திருந்த ஒரு பையன், பதினாறு வயசு இருக்கும், யோகா மேட்ட வெட்டி அவனே செஞ்ச கவசம், முதுகுல ரெண்டு றெக்கை, ஒவ்வொன்னும் நாலு அடி, வெளிய வரான். ஒரு பக்கம் சாப்பிட்டு திரும்பற கூட்டம், இன்னொரு பக்கம் பசியோட போற கூட்டம், நடுவுல றெக்கை. திரும்பவும் முடியல, மடக்கவும் முடியல, பின்னாடி அவங்கம்மா டிபன் கேரியரோட "கண்ணா மெதுவா, கண்ணா மெதுவா"ன்னு. ஒரு ரெண்டு நிமிஷம், அதுக்கு மேல இருக்காது, யாரும் முன்னாடியும் போகல பின்னாடியும் போகல. நான் சுவத்தோட ஒட்டி நின்னுட்டு இருந்தேன், கை ரெண்டையும் நெஞ்சுக்கு முன்னாடி வச்சுக்கிட்டேன், ஏன் அப்படி வச்சேன்னு தெரியாது, உடம்பு தானா வச்சுக்கிச்சு. அப்புறம் எங்க வாலன்டியர் அக்கா ஒருத்தங்க டைனிங் பக்கம் நின்னு கத்தி ஒரு பக்கத்த நிறுத்தினாங்க, பையன் சைடா நடந்து வெளிய வந்தான், றெக்கைல ஒன்னு பிஞ்சுடுச்சு, அவன் சிரிச்சான், எல்லாரும் கைதட்டினாங்க. நான் மட்டும் தட்டல. வேர்த்து ஊத்திடுச்சு எனக்கு.

வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன். ரெண்டுக்கு பதினஞ்சு, 30 சதுர மீட்டர். கூட்டத்தப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க சொல்றது என்னன்னா ஒரு சதுர மீட்டருக்கு நாலு பேருக்கு மேல போனா ஜாக்கிரதையா இருக்கணும், ஏழு பக்கம் போனா கூட்டம் தண்ணி மாதிரி ஆயிடும், அதுக்கப்புறம் யார் எங்க போறதுன்னு யாரும் முடிவு பண்றதில்ல, கூட்டமே இழுத்துட்டுப் போகும். அந்த வழில 120 பேர் நின்னாலே நாலு. 740 பேருல ஆறுல ஒரு பங்கு ஒரே நேரத்துல அங்க வந்தா போதும், முடிஞ்சது. றெக்கை வச்சவன ஒருத்தன்னு எண்ணக் கூடாது, மூணு ஆள்னு எண்ணணும்.

இந்த ஊர்ல இருந்துக்கிட்டு இத லேசா எடுத்துக்க முடியாது. 2025 ஜூன் 4, சின்னசாமி ஸ்டேடியம், ஐபிஎல் கோப்பை ஜெயிச்ச ஆர்சிபி டீமோட கொண்டாட்டம். ஸ்டேடியம் கொள்றது ஒரு 35,000, வந்தது ரெண்டு மூணு லட்சம்னு முதல்வரே சொன்னார், இலவச பாஸ்னு ஒரு பேச்சு, யாருக்கு உண்டு யாருக்கு இல்லன்னு தெளிவில்ல, கேட்டு பக்கத்துல நசுங்கி 11 பேர் போயிட்டாங்க. எல்லாம் கோப்பைய பாக்க வந்த ஃபேன்ஸ், நம்மள மாதிரிதான். அதுக்கு முன்னாடி 2023 செப்டம்பர்ல சென்னைல ஈசிஆர் பக்கம் ரஹ்மான் கச்சேரி, காசு குடுத்து டிக்கெட் வாங்கினவங்களே உள்ள போக முடியாம அழுதுட்டு திரும்பினாங்க, டிக்கெட் காப்பிய அனுப்புங்கன்னு அந்த மனுஷனே கேக்க வேண்டி வந்துச்சு. நாங்க அந்த அளவுக்கு ஒன்னும் பெரிய ஆளுங்க இல்ல. ஆனா எங்க மண்டபத்து வழிக்கு 740ங்கறதே லட்சம்தான்.

அதனால 2000ன்னு சொன்ன உடனே ஹால் எத்தனை சதுர அடின்னு நான் கேக்கல. நான் கேட்டது வெளிய போக எத்தனை கதவு, எத்தனை பாத்ரூம், நம்மகிட்ட எத்தனை வாலன்டியர். இந்த மூணுல எது கம்மியோ அதுதான் நம்ம சைஸ். இந்த வருஷம் எங்ககிட்ட 34 வாலன்டியர். அதுல ரெண்டு பேர் காய்ச்சல்னு வரல, ஒருத்தன் காஸ்ப்ளே போட்டியில கலந்துக்கப் போயிட்டான், 31. அந்த 31லயும் வர்றவங்க பைய வாங்கி வைக்கிற கவுன்ட்டர்ல உக்காந்த பொண்ணு காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் மேடை எந்தப் பக்கம்னே பாக்கல. ஆபீஸ்ல யார் எப்ப டூட்டின்னு ஆன்-கால் ரோட்டா போடத் தெரிஞ்ச கூட்டம் நாங்க எல்லாம், இங்க ஒருத்தனுக்கும் அது தோணல. அவ அடுத்த வருஷம் வர மாட்டா, எனக்கு நல்லாத் தெரியும்.

நண்பர் சொல்றார், உலகத்துல எல்லாமே சின்னதா ஆரம்பிச்சு பெருசானதுதானேன்னு. உண்மை. வேர்ல்டுகான், சயின்ஸ் ஃபிக்ஷன்காரங்களோட கூட்டம், 1939ல நியூயார்க்ல ஒரு 200 பேர். சான் டியேகோ காமிக்-கான் 1970 ஆகஸ்ட்ல ஒரு ஓட்டல்ல 300 பேர். டோக்கியோவுல காமிகெட், 1975 டிசம்பர், 32 குழு சொந்தமா அச்சடிச்ச புத்தகத்த விக்க வந்தாங்க, பாக்க வந்தவங்க ஒரு 700. மூணும் நம்ம மொட்டை மாடி கதைதான். ஆனா அப்புறம் மூணும் மூணு விதமா போச்சு.

சான் டியேகோ இன்னிக்கு 1,30,000 பேர் தாண்டி. கன்வென்ஷன் சென்டர் அதுக்கு மேல கொள்ளாது, அதனால பேட்ஜ் வாங்கவே ஆன்லைன்ல குலுக்கல் மாதிரி காத்திருக்கணும், பெரிய ஹால்ல கிட்டத்தட்ட 6,500 சீட்டுக்கு மக்கள் ராத்திரியே பாய் தலகாணியோட வந்து வரிசைல படுக்கறாங்க. இத்தனைக்கும் அது லாப நோக்கமில்லாத அமைப்புதான் நடத்துது. காமிகெட் 2019 டிசம்பர்ல நாலு நாள்ல ஏழரை லட்சம். ஏழரை லட்சம், சும்மா இல்ல. நடத்தறது வாலன்டியருங்க. அங்க ஒரு வழக்கம், கஸ்டமர்னு யாரும் கிடையாது, விக்கறவன், வாங்கறவன், வரிசைய ஒழுங்கு பண்றவன் எல்லாருக்கும் ஒரே பேர், பங்கேற்பாளர். கேக்க மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, கஸ்டமர்னு நெனச்சா ஏன்டா லேட்டுன்னு கத்துவான், நம்ம வீட்டு விசேஷம்னு நெனச்சா வாளிய எடுத்துட்டு சாம்பார் ஊத்த வருவான். அதே காமிகெட் கொரோனாவுக்கு அப்புறம் 2021 கடைசில மறுபடி நடத்தறப்போ ஒரு நாளைக்கு 55,000 பேர்தான்னு வெட்டிட்டாங்க. ஏழரை லட்சம் பாத்தவங்க அப்படி இறங்கி வந்தாங்க, ஒன்னும் கொறஞ்சு போயிடல.

வேர்ல்டுகான்தான் எனக்குப் புடிச்சது, அது பெருசாகவே இல்லங்கறதால. 85 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் சில ஆயிரம் பேர்தான். 1984ல அனாஹைம்ல எட்டாயிரம் பேர் வந்தத இன்னிக்கும் பெருசா பேசுவாங்க. வருஷா வருஷம் ஊர் மாறும், வருஷா வருஷம் கமிட்டி மாறும், யாருக்கும் சம்பளம் கிடையாது. காசு எங்கேருந்துன்னா மெம்பர்ஷிப். டிக்கெட்னு சொல்ல மாட்டாங்க. நேர்ல வர முடியாதவன் கூட கம்மியா கட்டி மெம்பர் ஆகலாம், சயின்ஸ் ஃபிக்ஷனுக்குக் குடுக்கற ஹியூகோ அவார்டுக்கு ஓட்டு போடலாம். ரெண்டு வருஷம் கழிச்சு எந்த ஊர்ல நடத்தறதுன்னும் மெம்பருங்கதான் ஓட்டு போடறாங்க, அந்த ஓட்டு போட ஒரு காசு கட்டணும், ஜெயிச்ச ஊருக்கு அந்தக் காசு முதலாப் போயிடும், கட்டினவன் எந்த ஊருக்கு ஓட்டு போட்டிருந்தாலும் ஜெயிச்ச ஊர் கூட்டத்துக்கு மெம்பர் ஆயிடுவான். அதாவது ஒரு ஆணி அடிக்கறதுக்கு முன்னாடியே கையில கொஞ்சம் பணமும் இத்தனை பேர் இருக்காங்கங்கற கணக்கும் வந்துடுது. மிச்சம் விழுந்தா அதுல ஒரு பங்கு அடுத்து வர்ற ஊருங்களுக்குத் தள்ளி விடறதும் வழக்கம்.

இதப் படிச்சப்போ எனக்கு எங்க ஊர் மாரியம்மன் திருவிழாதான் ஞாபகம் வந்துச்சு. தலைக்கட்டு வரி. கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு, இந்த வருஷம் தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு கூட்டத்துல பேசி முடிவு பண்ணுவாங்க, மில் முதலாளியும் அதே காசு, மாடு மேய்க்கறவரும் அதே காசு, துபாய்ல இருக்கறவனுக்கும் உண்டு, அவன் அப்பா கட்டிடுவார். (பொம்பளைங்கள எண்ணாத கணக்கு அது, அந்தப் பகுதிய அப்படியே ஊர்லயே விட்டுடலாம்.) காப்பு கட்டு, பூசை, கூழு, சாமி ஊர்வலம் எல்லாம் வரிக் காசு. உபயதாரருங்க தனி. அவங்க வாண வேடிக்கை, கரகாட்டம், மைக் செட் ஏத்துக்குவாங்க. உபயதாரர் வரலன்னா வாண வேடிக்கை இல்ல, அவ்ளோதான், சாமி ஊர்வலம் நிக்காது. அப்புறம் உபயம்னா தெரியும்ல, கோயில் டியூப்லைட்ல பேரு எழுதி எழுதி வெளிச்சமே வராது.

ஸ்பான்சர் விஷயத்துல என் கட்சி இதுதான். மண்டபம், சாப்பாடு, கரண்டு, ஜெனரேட்டர், டாக்டர், செக்யூரிட்டி, இதெல்லாம் வரிக் காசுல அடங்கணும். அடங்கலன்னா ஆளக் கொறைக்கணும், இல்ல வரிய ஏத்தணும். பை, டி-ஷர்ட், வெளியூர் கெஸ்ட்டோட ஃப்ளைட் டிக்கெட், ஸ்டேஜ்ல பொகை விடற மெஷின், இதுக்கு ஸ்பான்சர் வந்தா வரட்டும்.

ஏன்னு கேட்டா, ஸ்பான்சர் காசு எப்ப வரும்னு பொருளாளருக்குத்தான் தெரியும். நண்பர் "ஆல்மோஸ்ட் ஓகே"ங்கறார். ஆல்மோஸ்ட் ஓகேன்னா அங்க இருக்கற மார்க்கெட்டிங் பையனுக்கு ஓகே. அவன் மேனேஜர்கிட்ட சொல்லணும், அப்புறம் வெண்டர் ரெஜிஸ்ட்ரேஷன், பான் கார்டு, கேன்சல் பண்ண செக்கு, பிஓன்னு சொல்ற பர்ச்சேஸ் ஆர்டர், அப்புறம் இவென்ட் முடிஞ்சு அவங்க பேனர் மாட்டின போட்டோவ இணைச்சு இன்வாய்ஸ், அதுலேருந்து 60 நாள், டிடிஎஸ் புடிச்சுட்டு மீதி. மண்டபத்துக்காரர் முன்பணம் கேப்பார், மீதிய சாவி குடுக்கறதுக்கு முன்னாடி கேப்பார், மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. நடுவுல உள்ள மூணு மாசம் யார் கைக்காசு? இந்த வருஷமே ஒரு கம்பெனி, பேர் வேணாம், நாப்பதாயிரம்னு சொல்லி கடைசி வாரத்துல குவார்ட்டர் பட்ஜெட் முடிஞ்சுடுச்சு ப்ரோன்னுட்டாங்க. அந்த நாப்பதாயிரம் என் கிரெடிட் கார்டுல ஒன்றரை மாசம் தூங்குச்சு. வீட்டுல இன்னும் சொல்லல.

2014ல சிக்காகோ பக்கத்துல டாஷ்கான்னு ஒன்னு நடந்துச்சு, தேடிப் பாருங்க. இன்டர்நெட்ல சேந்த கூட்டம், ஆர்வத்துக்குக் கொறைவில்ல. முதல் நாள் சாயங்காலமே ஓட்டல்காரங்க 17,000 டாலர் கட்டலன்னா இடம் கிடையாதுன்னுட்டாங்கன்னு சொல்லி வந்தவங்ககிட்டயே வசூல் பண்ணாங்க. பாதிப் பந்தில சமையல்காரர் சாம்பார் வாளிய கீழ வச்சுட்டு காசு கேட்டா எப்படி இருக்கும், அப்படி. ஒரு பெரிய ஷோ ரத்தாச்சு, அதுக்கு பதிலா பிளாஸ்டிக் பந்து தொட்டில கூட ஒரு மணி நேரம் வெளையாடிக்கோங்கன்னு சொன்னதுதான் இன்னிக்கு வரைக்கும் மீம். சிரிச்சுட்டேதான் படிச்சேன், பொருளாளர் ஆனதுக்கு அப்புறம் சிரிப்பு வரல.

கம்பெனிக்காரங்க நடத்தற கான், அதாவது கன்வென்ஷன் மேல எனக்குக் கோவம் ஒன்னும் இல்ல, அதையும் சொல்லிடறேன். காமிக் கான் இந்தியா 2011ல டெல்லி டில்லி ஹாட்ல ஆரம்பிச்சது, இன்னிக்கு கைமாறி கேமிங் கம்பெனி கையில இருக்கு, ஒயிட்ஃபீல்டு கேடிபிஓ எக்ஸிபிஷன் ஹால்ல நடக்கறப்போ நானும் போறேன், மெட்ரோ பர்ப்பிள் லைன் வந்ததுலேருந்து டின் ஃபேக்டரி டிராஃபிக்ல சாகாம போக முடியுது, அதுவே பெரிய விஷயம். அங்க பெரிய கெஸ்ட் வருவாங்க, எங்களால முடியாது. அது கடை, இது வீடு, ரெண்டும் வேணும். என் பிரச்சனை வீட்டுக்குள்ள கடை வைக்கறதுதான்.

டேபிள் விஷயமே எடுத்துக்கோங்க. சேலத்துலேருந்து ஒரு பொண்ணு, ஸ்டிக்கர், பிரிண்ட், கீசெயின் வரைஞ்சு விக்கறவ, எங்க மண்டபத்துல ஒரு ஆறடி டேபிள் எடுத்தா, அதாவது மணப்பந்தல் போடற இடத்துக்குப் பின்னாடி. சாயங்காலம் நானும் அவளும் உக்காந்து கணக்கு பாத்தோம். வித்தது 6,200. டேபிள் வாடகை 1,500, பிரிண்டிங் 2,000, பஸ்ஸு போக வர 900. கைல 1,800. பெரிய இவென்ட்ல இதவிட அதிகமா விக்குமேன்னேன். "விக்கும்ணா, ஆனா அங்க டேபிளே இதுக்குப் பல மடங்கு, அப்புறம் அங்க கூட்டம் ஆத்துல தண்ணி போற மாதிரி போயிட்டே இருக்கும், நிக்காது, இங்க ஒருத்தர் முக்கால் மணி நேரம் நின்னு இந்த நெறத்த ஏன் போட்டேன்னு கேட்டாருண்ணா"ன்னா. அந்த ஒருத்தர் ஏதாவது வாங்கினாரான்னு கேட்டேன். இல்லயாம்.

இன்னொன்னு, இத மெதுவாத்தான் சொல்லணும். மத்தியானம் மூணு மணிக்கு ஒரு ஆளு காஸ்ப்ளே போட்ட ஒரு பொண்ண கேக்காமலே கிட்டப் போயி போட்டோ எடுத்துட்டே இருந்தான், தோள்ல கை போடப் பாத்தான். அவ நேரா ஹெல்ப் டெஸ்க் அக்காகிட்ட வந்தா. அந்த அக்காவுக்கு அவனோட ஃப்ரெண்டு யாருன்னு தெரியும், அந்த ஃப்ரெண்ட கூப்பிட்டு, அவன் மூலமா போட்டோவ அழிக்க வச்சு, பத்து நிமிஷத்துல அந்த ஆள வெளிய அனுப்பியாச்சு. யார் யாரோட ஆளுன்னு தெரிஞ்சிருந்ததால நடந்தது. 2000 பேருல அது தெரியாது. அப்ப காசு குடுத்து செக்யூரிட்டி வைக்கணும், பெண் செக்யூரிட்டி தனியா வைக்கணும், அவங்களுக்கு காஸ்ப்ளேன்னா என்ன, நுரையில செஞ்ச கத்தி எது நெஜ கத்தி எதுன்னு முந்தின நாளே உக்கார வச்சு சொல்லித் தரணும். எல்லாம் பண்ணலாம், ஒன்னும் நடக்காத காரியம் இல்ல. பட்ஜெட்ல அதுக்கு ஒரு வரி இருக்கான்னுதான் கேக்கறேன், நண்பர் அனுப்பின எக்செல்ல எல்இடி வாலுக்கு மூணு வரி இருக்கு, இதுக்கு இல்ல.

ஆனா நண்பர் சொன்ன ஒரு விஷயத்துக்கு எங்கிட்ட பதில் இல்ல. "நீ சொல்ற மாதிரி போனா அதே 600 பேர் வருஷா வருஷம் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துட்டு இருப்போம். ஓசூர் பையன் எப்படி வந்தான்? நம்ம போஸ்டர பாத்து வந்தான். மொட்டை மாடில இருந்திருந்தா அவன் வந்திருப்பானா?" வந்திருக்க மாட்டான். ரெஜிஸ்ட்ரேஷன் மூடினா மொதல்ல வெளிய நிக்கப் போறது அவன மாதிரி ஆளுங்கதான், ஏன்னா பழைய ஆளுங்க லிங்க் போட்ட பத்து நிமிஷத்துல புக் பண்ணிடுவான். இதுக்கு நான் யோசிச்சது, நூறு இடத்த முதல் தடவ வர்றவங்களுக்குன்னு ஒதுக்கிடலாம், அதுல ஸ்டூடன்ட்டுக்குப் பாதி காசு, அந்தப் பாதிய மத்தவங்க தலையில அம்பது அம்பது ரூபாயா ஏத்திடலாம். இது போதுமான்னா போதாது, தெரியும்.

கடைசி மணி நேரத்துல கணக்கு வாசிச்சேன். ஊர்ல பத்தாம் நாள் வாசிப்பாங்களே, அதே மாதிரி மைக்க புடிச்சு, கற்பூரம் வரைக்கும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, செல்லோடேப்பு 42 ரோல். எதுக்குடா 42 ரோல்னு பின்னாடி வரிசைலேருந்து ஒருத்தன் கேட்டான், நியாயமான கேள்வி, எனக்கே இன்னும் விடை தெரியல, மணமகள் அறைல கேக்கணும். மிச்சம் 11,340, அது அடுத்த வருஷ அட்வான்ஸ்ல சேரும்னேன், கைதட்டினாங்க. அந்தக் கூட்டத்துலயே அடுத்த வருஷத்துக்கு 212 பேர் ஆளுக்கு நூறு ரூபா கட்டிட்டாங்க, இடம் கூட முடிவாகல, தேதியும் இல்ல. 21,200. அத நான் தொடாம தனி அக்கவுன்ட்ல வச்சிருக்கேன்.

அதனால நான் குரூப்ல போட்டது ரொம்ப சின்ன மெசேஜ்தான். 900 பேர். அதுக்கு 60 வாலன்டியர், ஆளுக்கு அரை நாள் வேலை அரை நாள் சுத்தல். லஞ்ச் மூணு பந்தி, பேட்ஜ் கலர் வச்சு பிரிச்சு, பன்னெண்டுக்கு ஒன்னு, பன்னெண்டே முக்காலுக்கு ஒன்னு, ஒன்றரைக்கு ஒன்னு. அப்புறம் மண்டபத்துக்காரங்க எப்படியும் முந்தின நாள் ரிசப்ஷன் சாயங்காலத்தயும் சேத்துத்தான் வாடகைக்குக் குடுக்கறாங்க, இந்த வருஷம் அந்த சாயங்காலத்த நாம தோரணம் கட்டியே வீணாக்கினோம், உள்ளூர் ஆளுங்கள அன்னிக்கே வர வச்சு பேட்ஜ், கைப்பட்டை, கத்தி செக்கிங் எல்லாம் முடிச்சுட்டா காலைல கியூ பாதியாயிடும். மாஸ்டர்கிட்ட கேட்டேன், சாயங்காலம் வர்றவங்களுக்கு கேசரி பஜ்ஜி காபி போட்டுத் தரேன்னார்.

ரெண்டு நாள் ப்ளூ டிக். நேத்து சாயங்காலம் நண்பர் வேற ஒரு மண்டபத்தோட போட்டோ அனுப்பியிருக்கார், ஹொரமாவு பக்கமாம், ஆஷாடத்துக்கு காலியாம், நல்ல வெளிச்சமா பெருசா இருக்கு. டைனிங்குக்கு ரெண்டாவது வழி இருக்கான்னு கேட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை போய் டேப்ப வச்சு அளந்துட்டு வரேன்னு சொல்லியிருக்கார்.